‘கதை’ என்றால் பொய்யா?

நீங்கள் கேட்டவை மூன்று. ‘கதை’ தமிழ்ச் சொல்லா வடசொல்லா, பேசுவதை இலங்கைத் தமிழர் ஏன் ‘கதைப்பது’ என்கிறார்கள், ‘கதை விடாதே’ என்னும்போது அதே சொல்லுக்குப் பொய் என்ற பொருள் எப்படி வந்தது. ஆனால் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த செய்திதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நல்லதங்காள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த பாட்டியிடம் ‘இதெல்லாம் வெறும் கதைதானே’ என்று நீங்கள் சொல்ல, ‘கதைதான், ஆனால் நடந்தது’ என்று அவர் வருத்தத்தோடு சொன்னார் என்கிறீர்கள். பாட்டி சொன்னதில் முரண் இருக்கிறதா என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். முரண் இல்லை. உங்கள் இருவரில் அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் கையில் வைத்திருந்தவர் அவர்தான்.

தமிழ் இலக்கணம் கற்பிப்பதிலும் அகராதிக்காகச் சொல்லட்டை எழுதுவதிலும் என் காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. வடமொழியும் ஓரளவு படித்திருக்கிறேன். மற்ற இந்திய மொழிகளைப் பற்றிக் கீழே சொல்வது அகராதிப் பணிக்காகத் தெரிந்துகொண்ட அளவுதான். அந்த மொழிகளில் நான் புலவன் அல்லன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஐயமில்லாத செய்தி. ‘கதை’ வடமொழியின் ‘கதா’ என்ற சொல் தமிழ் உருவம் கொண்டது. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரும் வடசொல்லைச் செய்யுளில் ஆளலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. அப்படி வரும்போது எந்த எழுத்து என்னவாக மாறும் என்பதை நன்னூல் விரிவாகச் சொல்லும். ‘ஆவீறு ஐயும்’ என்பது அதில் ஒரு விதி. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் சொல் தமிழில் ஐகாரத்தில் முடியும். சபா என்பது சபை, சீதா என்பது சீதை, ராதா என்பது ராதை, கல்பனா என்பது கற்பனை. கதா என்பது கதை ஆனதும் இதே வழியில்தான்.

விதியை நம்பாவிட்டாலும் வழக்கை நம்பலாம். தனியே நிற்கும்போது ஐகாரம் ஏற்ற இந்தச் சொற்கள், வடமொழித் தொடராகக் கூடி வரும்போது பழைய ஆகாரத்தை அப்படியே வெளியே காட்டிவிடும். ராதை என்போம், ஆனால் ராதாகிருஷ்ணன். சீதை என்போம்; ஆனால் சீதாராமன். சபை என்போம், ஆனால் சபாநாயகர். அதே போலக் கதை என்கிற நாம் கதாநாயகன், கதாபாத்திரம், கதாசிரியர், கதாகாலட்சேபம் என்கிறோம். இன்னொரு பக்கம் சிறுகதை, தொடர்கதை, கட்டுக்கதை, விடுகதை, கதைமாந்தர் என்று தமிழ்ச் சொற்களோடு சேரும்போது ஐகாரம் அசையாமல் நிற்கிறது. மாணவர்களிடம் இந்த இரண்டு வரிசைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பீமன் கையில் இருக்கும் ஆயுதமும் கதைதான். அது ‘கதா’ என்ற வேறொரு வடசொல். அதன் முதலெழுத்தும் இரண்டாம் எழுத்தும் வடமொழியில் வேறானவை. தமிழெழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம் இருப்பதால் இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. கதாயுதம், கதாநாயகன் இரண்டும் ஒரே மாதிரி தொடங்கினாலும் இரண்டுக்கும் உறவு இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து மறைத்ததை ஒலி காட்டிக்கொடுத்துவிடும்.

‘கத்து’ என்ற தமிழ் வேரிலிருந்து கதை பிறந்தது, வடமொழிதான் நம்மிடமிருந்து கடன் வாங்கியது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் எழுதியதை மதிப்போடு படித்திருக்கிறேன், ஏற்க முடியவில்லை. ஒலி எழுப்புவதையும் அலறுவதையும் குறிக்கும் கத்துதலுக்கும், நிகழ்ச்சிகளைக் கோத்துச் சொல்வதற்கும் இடையில் பொருள் வெகு தூரம் தாவ வேண்டியிருக்கிறது. வடமொழியிலோ சொல்லுதல் என்ற பொருளிலேயே வினையும் பெயரும் ஒரு குடும்பமாக இருக்கின்றன. ‘கதைத்தான் என்று தமிழ் வினை இருக்கிறதே’ என்பார்கள். கடனாக வந்த பெயரும் தமிழ் வினையாக நடக்கும். வடமொழி ‘வத’ நம்மிடம் வதை ஆகி, வதைத்தான், வதைக்கிறான் என்று ஓடவில்லையா? கடன் என்று சொல்வதால் கதைக்கு ஒரு குறையும் வந்துவிடாது. இத்தனை காலம் தமிழன் வாயில் புழங்கி, தமிழ் வினையாகி, தமிழ்த் தொடர்கள் எத்தனையோ ஈன்ற சொல்லை வேறு யாருடையது என்று சொல்வது?

சரி, வடமொழியில் அதன் வேர் என்ன? ‘கத்’ என்றால் சொல்லுதல் என்று வடமொழி வினைவேர்களின் பட்டியலான தாதுபாடம் சொல்லிவிடும். அறிஞர்கள் அதோடு நிற்கவில்லை. வடமொழியில் ‘கதம்’ என்றால் ‘எப்படி’. தமிழில் எ என்ற எழுத்து எங்கே, எப்போது, எப்படி என்று வினாவுக்கு அடியாவதைப் போல அங்கே ககரம்: கஹ என்றால் யார், கிம் என்றால் என்ன, கதா என்று வேறு ஒலியில் சொன்னால் எப்போது. இந்தக் ‘கதம்’ என்ற வினாச்சொல்லிலிருந்தே ‘கத்’ என்ற வினை உண்டாகியிருக்க வேண்டும் என்பது பலர் ஏற்றுக்கொண்டிருக்கும் கருத்து. அப்படியானால் கதை சொல்வது என்பது ‘எப்படி’யைச் சொல்வது. எப்படி நடந்தது, எப்படிப் போனான், எப்படித் திரும்பி வந்தான். இதை ஐயமற்றது என்ற பெட்டியில் வைக்க மாட்டேன். மிகவும் பொருத்தமானது என்ற பெட்டியில் வைப்பேன். கதை கேட்கும் குழந்தையைக் கவனித்தவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும். ‘ராஜகுமாரன் தப்பித்துவிட்டான்’ என்று முடித்துப் பாருங்கள். ‘எப்படி?’ என்றுதான் குழந்தை கேட்கும். நடந்ததா, நடக்கவில்லையா என்ற கேள்வி வெகு நேரம் கழித்து வரும், வராமலும் போகும்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு இங்கேயே விடை தொடங்குகிறது. பழைய வடமொழியிலும் பாலியிலும் ‘கதா’ என்பதற்குப் பேச்சு, உரையாடல், விவாதம் என்ற பொருள்களே அகலமாக இருந்தன. நியாய தருக்க நூலார் இருவர் எதிரெதிரே அமர்ந்து செய்யும் விவாதத்தைக் ‘கதா’ என்றார்கள். அதில் மூன்று வகை: உண்மையைக் காணப் பேசுவது வாதம்; வெல்வதற்காகப் பேசுவது ஜல்பம்; தனக்கென ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிராளியை மறுப்பது மட்டுமே வேலையாகப் பேசுவது விதண்டை. நாம் அன்றாடம் சலித்துக்கொள்ளும் ‘விதண்டாவாதம்’ அங்கிருந்து வந்ததுதான். பௌத்த அபிதம்ம நூல்களில் ஒன்றான கதாவத்துவும் விவாதப் பொருள்களைத் தொகுத்த நூலே. அதில் ராஜா ராணி யாரும் இல்லை.

இந்த அகன்ற பொருள் பல மொழிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வங்காளியில் ‘கொதா’ என்றால் பேச்சு, சொல். வாக்குக் கொடுப்பதையும் அவர்கள் ‘கொதா’ கொடுப்பது என்றே சொல்வார்கள். கதைக்கு அங்கே ‘கொல்போ’ என்று வேறு சொல். இந்தியின் ‘கஹ்னா’, அதாவது சொல்லுதல், இதே வேரிலிருந்து பிராகிருதத்தின் வழியாகத் தேய்ந்து வந்தது. ‘கஹானி’யும் இந்தக் குடும்பமே. கடல் கடந்து போன ‘கதா’ மலாய் மொழியில் ‘காத்தா’ ஆயிற்று. அங்கே அதற்குச் சொல் என்று பொருள். சிங்களத்தில் ‘கதாவ’ என்றால் கதை, ‘கதா கரனவா’ என்றால் பேசுதல். இரண்டு பொருளும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

இந்த வரிசையில் யாழ்ப்பாணத்துக் ‘கதைத்தல்’ எங்கே நிற்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். அகராதிப் பணிக்கு வந்த புதிதில், யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தேன். ஒரு நாள் மாலை அவர், ‘அட்டையை மூடி வையுங்கள், கொஞ்சம் கதைப்போம்’ என்றார். அவர் ஏதோ பழங்கதை சொல்லப் போகிறார் என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவரோ என் ஊர், என் வீடு, என் படிப்பு என்று கேட்டுக்கொண்டே போனார். அரை மணி நேரம் கழித்துத்தான், நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் எழுதிய சொல்லட்டையில் ‘உரையாடுதல்’ என்ற பொருளுக்கு எதிரே ‘இலங்கை வழக்கு’ என்று குறித்தேன். இன்றைக்கு எழுதினால் ‘பழைய பொருள், இலங்கையில் நிலைத்தது’ என்று குறிப்பேன். தமிழ்நாட்டில் பேசுதல் என்ற சொல் அந்த இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. கதை சொல்லப்படும் பொருளாக மட்டும் சுருங்கியது. சிங்களத்தின் பாதிப்பால்தான் யாழ்ப்பாணத்தில் இப்படி என்று சிலர் சொல்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வாழும் மொழிகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பது இயல்பு என்பதால் அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இரண்டு மொழியும் ஒரே மூலத்தின் பழைய பொருளைத் தனித்தனியே காத்திருக்கவும் கூடும். எது என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை.

இனிப் பொய்க்கு வருவோம். ‘புனைந்தது’ என்ற சாயல் தமிழில் புதிதாக ஏறியது என்று சொன்னால் அது தவறாகிவிடும். வடமொழி நிகண்டான அமரகோசத்திலேயே அது இருக்கிறது. நடந்த செய்தியை உடையது ஆக்கியாயிகை, கற்பனையால் கட்டப்பட்டது கதை என்று அந்த நிகண்டு பிரிக்கிறது. வடமொழி எழுத்தாளர் பாணர் எழுதியவற்றில் ஹர்ஷசரிதம் முதல் வகைக்கும் காதம்பரி இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும். பாமகர் போன்ற அணிநூலார் இந்தப் பிரிவைக் கவனமாகப் பேணினார்கள். ஆனால் தண்டி, நம் தண்டியலங்காரத்துக்கு மூலமான காவியாதரிசத்தை எழுதியவர், இவை இரண்டு பெயர் தாங்கிய ஒரே சாதி என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். யார் சொல்கிறார், எந்த யாப்பில் சொல்கிறார் என்பதையெல்லாம் வைத்துப் பிரிப்பதில் பொருளில்லை என்பது அவர் வாதம். நான் தண்டியின் பக்கம்.

தமிழ் மரபில் இதற்குத் தனிக் கணக்கு உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பிரிக்கும்போது அவற்றில் ஒன்றைப் ‘பொய்ம்மொழி’ என்றும், இன்னொன்றை ‘நகைமொழி’ என்றும் சொல்கிறது. பொய்ம்மொழிக்கு, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரைகாரர் தரும் விளக்கத்தில், ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி இன்ன இடம் போய் இன்னது செய்தன என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கேட்டு வழிவழியாக வருவது என்று இருக்கிறது. நம் பாட்டிமார் சொன்ன விலங்குக் கதைகளேதான் இவை. இங்கே ‘பொய்’ என்பது ஒரு இலக்கிய வகையின் பெயர். யாரையும் ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் யானை குருவியோடு பேசாது என்பது தெரியும்.

அதே நேரத்தில், புனிதமாகவும் உண்மையாகவும் கருதப்பட்டதற்கும் ‘கதை’ என்றே பெயர் இருந்தது. கம்பன் அவையடக்கத்தில் தன்னைப் பாற்கடலை முழுவதும் நக்கிக் குடிக்கப் போன பூனையோடு ஒப்பிட்டுக்கொண்டு, தான் சொல்லப் புகுந்ததை ‘காசு இல் கொற்றத்து இராமன் கதை’ என்கிறான். காசு என்றால் குற்றம். குற்றமற்ற வெற்றியை உடைய இராமனின் கதை என்று நெஞ்சுருகிச் சொல்பவன், ‘கதை’ என்ற சொல்லில் பொய்யின் நிழலாவது படிந்திருந்தால் அதை அங்கே வைத்திருப்பானா? கொங்குவேளிர் உதயணனைப் பாடிய நூலுக்குப் பெயரே பெருங்கதை. முத்துப்பட்டன் கதை, மதுரை வீரன் கதை, காத்தவராயன் கதை என்று கோயில் கொடைகளிலும் மேடைகளிலும் பாடப்படும் கதைப்பாடல்கள் எத்தனை! வில்லுப்பாட்டில் அந்தக் கதை படிக்கப்படும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெய்வத்தின் வரலாறு. நல்லதங்காளும் அப்படித்தான். வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்று, அண்ணியால் அவமதிக்கப்பட்டுக் கிணற்றில் விழுந்தவளை உங்கள் பாட்டி ஒரு பாத்திரமாக நினைக்கவில்லை. ‘கதைதான், ஆனால் நடந்தது’ என்றதில் ‘ஆனால்’ என்ற சொல்கூட உங்களுக்காகத்தான் வந்திருக்கும். அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் பொய் எங்கிருந்து ஒட்டியது? என் கணிப்பு இது: பொய் பெயர்ச்சொல்லில் இல்லை, அதோடு சேரும் வினையில் இருக்கிறது. ‘கதை சொல்’ என்றால் மதிப்பு. ‘கதை படி’ என்றால் வில்லுப்பாட்டு. ‘கதை கேள்’ என்றால் உம் கொட்டிக்கொண்டு உட்கார். ஆனால் ‘கதை கட்டு’, ‘கதை விடு’, ‘கதை அள’ என்று வினையை மாற்றிப் பாருங்கள், உடனே சந்தேகம் வந்துவிடுகிறது. கட்டுவது கையால் செய்வது, விடுவது பட்டம்போலக் காற்றில் ஏற்றுவது, அளப்பது நெல்லைப் போல மரக்கால் மரக்காலாகக் கொட்டுவது. அவற்றில் ஒரு வினையைப் பலமுறை சொல்லிப் பழகியதும் வினையை விட்டுவிட்டு ‘எல்லாம் கதை’ என்றாலே போதும் என்றாயிற்று. பொய் என்ற பொருளில் வரும் ‘கதை’ இப்படி வினை உதிர்ந்துபோன மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்குக் கல்வெட்டோ நிகண்டோ சான்றாகக் காட்ட முடியாது. வழக்கைப் பார்த்துப் பார்த்து வந்த முடிவு.

வேறு வழக்குகளில் பொய்யும் இல்லை, புனைவும் இல்லை. ‘என் கதை என்ன ஆவது?’ என்றால் என் நிலைமை, என் கதி. ‘அவன் கதை வேறு’ என்றால் அவன் சூழல் வேறு. ‘பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக’ என்னும்போது கதை வெறும் உவமை உருபாகவே ஆகிவிடுகிறது. ‘போல’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கதையாக’ என்கிறோம். ஒரு சொல் இவ்வளவு தேய்ந்து இலக்கணச் சொல்லாகும் நிலைக்கு வருவது அது எவ்வளவு புழங்கியது என்பதற்கு அடையாளம்.

ஆனாலும் அச்சு வந்த காலத்தில் இந்தச் சொல்லின்மேல் ஒரு தயக்கம் இருந்ததைப் பார்க்கிறேன். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலுக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை வைத்த பெயர் பிரதாப முதலியார் சரித்திரம். அடுத்து வந்தவை கமலாம்பாள் சரித்திரம், பத்மாவதி சரித்திரம். எல்லாம் புனைவு, பெயரிலோ சரித்திரம். விக்கிரமாதித்தன் கதை, பரமார்த்த குரு கதை என்று மாயமும் வேடிக்கையும் நிறைந்த நூல்கள் ‘கதை’ என்ற பெயரோடு உலவிய காலத்தில், நம்மைப்போன்ற மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறோம் என்று காட்ட விரும்பியவர்கள் வேறு சொல்லைத் தேடியிருக்க வேண்டும். சரித்திரம் ‘சர்’ என்ற வேரிலிருந்து வந்தது, நடத்தல், ஒழுகுதல். ஒருவர் நடந்துகொண்ட விதம். இதிகாசம் ‘இப்படித்தான் இருந்தது’ என்ற வடமொழித் தொடர் ஒரு சொல்லாக இறுகியது. வரலாறு நம்முடையது: வரல், ஆறு; வந்த வழி. இவை மூன்றும் நடந்ததைப் பார்க்கின்றன. கதை மட்டும் சொல்வதைப் பார்க்கிறது. நடந்ததைச் சொன்னாலும் கதை, நடக்காததைச் சொன்னாலும் கதை. பாட்டியின் வாக்கியத்தில் முரண் இல்லை என்று முதலிலேயே நான் சொன்னது இதனால்தான்.

கடைசியாக, நீங்கள் அடைப்புக்குறியில் கேட்டிருந்த ‘காதை’. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் பகுதிகளுக்குப் பெயராக வருகிறதே, அதுவும் கதைதானா என்றீர்கள். இங்கே அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஒலியைப் பார்த்தால் ‘காதா’ என்ற வடசொல்லே பொருந்துகிறது. பாடுதல் என்ற வேரிலிருந்து வந்த அது பாட்டு, செய்யுள் என்று பொருள்படும். பௌத்தத் துறவிகளின் பாடல்களான தேரகாதா, தேரிகாதா என்ற பெயர்களில் இருப்பதும் அதுதான். தாய்லாந்து மொழியில் அதே சொல் மந்திரம் என்ற பொருளில் வழங்குகிறது. ‘கதா’விலிருந்து காதை வர வேண்டுமானால் முதலெழுத்து காரணமின்றி நீள வேண்டும். ஆனால் சிலப்பதிகாரத்தின் பகுதிப் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். இசையும் கூத்துமாக வரும் இடங்களுக்குக் கானல்வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை என்று பெயர். நிகழ்ச்சியை நடத்திச் செல்லும் இடங்களுக்கே மனையறம்படுத்த காதை, கொலைக்களக் காதை, வழக்குரை காதை என்று பெயர். காதை என்பது பாட்டு என்ற பொருளில்தான் புரிந்துகொள்ளப்பட்டது என்றால், பாட்டாகவே ஒலிக்கும் பகுதிகளை விட்டுவிட்டுக் கதை சொல்லும் பகுதிகளுக்கு ஏன் அந்தப் பெயர் போயிற்று? உருவம் காதாவிலிருந்தும் பொருள் கதையிலிருந்தும் வந்து ஒன்றாகக் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். பகுதிப் பெயர்களை இட்டது நூலாசிரியரா பின்வந்தவரா என்ற கேள்வியும் திறந்தே இருப்பதால், இதை ஊகம் என்ற அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.